முக்கால் சப்பரமும் இருபத்து நாலு பக்கமும்

தம்பி மகளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கோடை விடுமுறையில் ஒரு நாள் கையிலிருந்த கதைப் புத்தகத்தைத் திண்ணையில் போட்டுவிட்டு, "எல்லாக் கதையிலயும் காடு, குகை, புதையல். நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க பெரியப்பா இருக்கு?" என்றாள். நம்மூரில் வாய்க்கால் இருக்கிறது, மதகு இருக்கிறது, ஆடிப்பெருக்கு இருக்கிறது. அதை வைத்தே ஒரு கதை எழுதி, நானே புத்தகமாகத் தைத்து ஆடி 18-க்குள் தருகிறேன் என்றேன். அவளுக்குப் பத்து வயது. சொன்ன தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளும் வயது.

ஊர் எங்களுக்குக் குடமுருட்டிக் கரை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்டுவார்களே, அதில் நாலாவது.

கதை இதுதான். முழங்கால் வலியால் இந்த ஆடிக்கு அப்பாயியால் படித்துறைக்கு நடக்க முடியவில்லை. ஆனால் அவர் கையால் கலந்த காப்பரிசி ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். பேத்தி பொன்னியும் அவள் தோழன் மீரானும் தாத்தா காலத்துச் சப்பரத்தில், அதாவது பிள்ளைகள் இழுக்கிற சிறு மரத்தேரில், அதை வைத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். வழியில் சப்பரம் வாய்க்காலில் விழுந்து மிதந்து போகிறது. பிள்ளைகள் கரையோடு துரத்துகிறார்கள்.

நாலு பக்கம் எழுதி இருவருக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்தி தம்பி மகள். இன்னொருவன் எதிர் வீட்டுப் பையன், அவள் வகுப்புதான், தாய்வழி ஊர் நாகூர். கதையில் வரும் மீரானுக்கு அவன்தான் மாதிரி. சப்பரம் விழுந்த இடத்தில் அவன் கையைத் தூக்கினான். "விழுந்தா மிதக்குமா மாமா? சக்கரமெல்லாம் இருக்கே, கவுந்துடாது?"

எனக்குத் தெரியவில்லை. சும்மா எழுதியிருந்தேன்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்கள். கதையில் பிள்ளைகள் செய்வதையெல்லாம் முதலில் நாங்கள் செய்து பார்க்க வேண்டும், நடக்காததை அடித்துவிட வேண்டும். புத்தகம் தைக்கும் வேலை மட்டும் என்று நினைத்திருந்தது இப்படித்தான் தச்சு வேலையில் போய் நின்றது.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆடிப்பெருக்கன்று பெண்கள் ஆற்றங்கரையில் மணலில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பழம், காப்பரிசி வைத்துக் காவிரியைக் கும்பிடுவார்கள். காப்பரிசி என்றால் ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம், தேங்காய், எள் கலந்தது. பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சப்பரம். மரப் பலகையில் சிறு தேர் மாதிரி செய்து, சாமி படம் ஒட்டி, வண்ணத்தாள் கட்டி, கயிற்றில் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். சில ஊர்களில் சப்பரத் தட்டி என்பார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டல்தான். பாட்டில் மட்டும் இருக்கிற விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம், எங்கள் தெருவில் ஆடிக்கு ஆடி கடகடவென்று ஓடும்.

எங்கள் வீட்டுச் சப்பரம் பரணில் கிடந்தது. அடிப்பலகை ஒரு அடி நீளம், முக்கால் அடி அகலம். உயரம் ஒன்றரை அடி. மாம்பலகை. கடைசல் சக்கரம் நாலில் ஒன்றைக் கரையான் தின்று, அச்சாணியைச் சுற்றி மண் மட்டும் மிச்சம்.

முதல் வேலை பழைய தாள்களை உரிப்பது. ஒவ்வொரு ஆடிக்கும் போன வருஷப் படத்தின் மேலேயே புதுப் படம் ஒட்டியிருந்தோம். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் மெதுவாக நெம்பினால் அடுக்கடுக்காக வந்தது. மேலே முருகன், அதன்கீழ் சமயபுரத்தாள், அதன்கீழ் நீலக் கிருஷ்ணன். நீலக் கிருஷ்ணனை ஒட்டியது என் தம்பி என்று அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். கோணலாக இருந்ததே அடையாளமாம். மொத்தம் ஒன்பது அடுக்கு. ஆறாவது அடுக்கில் படத்துக்குப் பதில் கோடு போட்ட தாள். என் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. பத்துக்கு மூன்று மதிப்பெண், சிவப்பு மையில், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மங்காமல். வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க ஒட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. தம்பி மகள் அதை மட்டும் கிழியாமல் உரித்து எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சில்லை.

சக்கரத்துக்கு வருகிறேன். ஆசாரிக்கு ஆடிப்பெருக்கு முடியும்வரை சப்பர வேலை, ஒரு துண்டுப் பலகை மட்டும் கொடுத்தார். வட்டம் போட்டு ரம்பத்தால் அறுத்து, அரம் வைத்து ராவினேன். வட்டம் தேறிவிட்டது, நடுத்துளை தேறவில்லை. நூலிழை தள்ளிப் போனால்கூடச் சக்கரம் நொண்டும் என்பது உருட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டாவது சக்கரம் துளைபோடும்போதே விரிந்தது. நுங்கு வண்டிச் சக்கரத்தை வைத்துப் பார்த்தோம், இரண்டு நாளில் சுருங்கிச் சின்னதாகிவிட்டது. நாலில் ஒன்று மட்டும் சின்னதென்றால் வண்டி ஒரு பக்கமாகவே போகிறது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் ஒரு தேர் உருட்டுவார்கள். நெல் கொத்த வரும் கோழியின் மேல் பெண்கள் வீசிய பொற்குழை அந்தத் தேரின் வழியில் கிடந்து தடுக்கும். செல்வச் செழிப்பைச் சொல்ல எல்லோரும் அந்தக் குழையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு வேண்டியது அங்கே வரும் தேர். 'முக்காற் சிறுதேர்.' மூன்று சக்கரம். இதே காவிரி கடலில் கலக்கிற இடத்தில், இதே வயதுப் பிள்ளைகள் இழுத்தது. மூன்று போதுமென்றால் நான் எதற்கு நாலாவதோடு மல்லுக்கட்ட வேண்டும்?

பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று. முன்சக்கரத்துக்கு இரண்டு கட்டை அறைந்து, ஆறு அங்குல ஆணியை அச்சாக நுழைத்து, விளக்கெண்ணெய் விட்டேன். அருமையாக ஓடியது. நாலு சக்கரம் மேடுபள்ளத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆடும், மூன்று சக்கரம் எந்தத் தரையிலும் மூன்றையும் ஊன்றி நிற்கும். தெருவில் பார்த்தவர்கள் "முக்கால் சப்பரம்தானா, மீதிக் கால் எப்ப வரும்?" என்று கேட்டதுதான் ஒரே தொல்லை.

ஒரே தொல்லை என்றது தவறு. திருப்பத்தில் கவிழ்ந்தது. முன்பக்கம் இரண்டு மூலைக்கும் கீழே தாங்கல் இல்லை. நேரே போகும்வரை ராஜா மாதிரி போகிறது. கயிற்றைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தால் அந்த மூலையில் சாய்ந்துவிடுகிறது. எதிர் வீட்டுப் பையன் கேட்டான்: "திருவாரூர்த் தேர் அவ்வளவு பெரிசு, அது எப்படித் திரும்புது?" 96 அடி ஆழித்தேரே முட்டுக்கட்டை போட்டுத்தான் திரும்புகிறது என்று விளக்கினேன். சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுத்து ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தினால் மறுபக்கம் சுற்றி வரும். உடனே ஓட்டுத்துண்டு ஒன்றை முட்டுக்கட்டையாக்கினான். உள்பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் ஓட்டுத்துண்டை வைத்து, கயிற்றை மெதுவாக இழுக்க, சப்பரம் சமர்த்தாகத் திரும்பியது.

கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? என் முதல் பிரதியில் சப்பரம் ஏன் விழுந்தது என்பதற்குக் காரணமே கிடையாது. இப்போது இருக்கிறது. வரப்பு திரும்புகிற இடத்தில் பொன்னி அவசரப்பட்டு முட்டுக்கட்டை போடாமல் இழுக்கிறாள்.

அடுத்தது மிதக்கும் சோதனை. அதற்குத் தண்ணீர் வர வேண்டும். மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரித்து, முறை வைத்து எங்கள் வாய்க்காலின் கடைக்கோடிவரை வர ஆடி பிறந்துவிட்டது. அதற்குள் என் மனைவி கதையைப் படித்துவிட்டுக் கேட்டாள், "இந்தப் பிள்ளைங்க தண்ணியில குதிச்சு எடுக்குதுங்களே, இதைப் படிச்சுட்டு நாலு பிள்ளைங்க ஆத்துல இறங்கினா?" பதில் சொல்ல முடியவில்லை. ஆடித் தண்ணீர் பார்க்கச் சமமாக ஓடும், உள்ளே இழுப்பு இருக்கும். நான் எழுதிய வீரமான பக்கம் அதுதான், மீரான் தலைகீழாகப் பாயும் பக்கம். அடித்தேன். கதை முழுக்க ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது என்பது சட்டத்தில் இரண்டாவதாகச் சேர்ந்தது. சாகசக் கதைக்கு இது பெரிய கட்டுப்பாடுதான். ஆனால் அதனால்தான் தொரட்டி உள்ளே வந்தது. முருங்கை பறிக்கிற தொரட்டி எட்டு அடி இருக்கும். மதகின் மேல் நின்றுகொண்டே சப்பரத்தின் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிடலாம். செய்து பார்த்தோம். மூன்றாவது முயற்சியில் மாட்டியது. கதையிலும் மூன்றாவது முயற்சிதான்.

சோதனைக்கு வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து நான் மட்டும் இறங்கினேன். சப்பரத்தில் நீளக் கயிறு. பிள்ளைகள் கரையில்.

வெறும் சப்பரத்தைத் தள்ளினால் மிதந்தது, ஆனால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு. மேலே கும்பம், தூண் எல்லாம் கனம். பையன் சொன்னது சரிதான். அப்புறம் அவனே ஒன்று சொன்னான். நாகூர்க் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வருமே, அதில் கப்பல் மாதிரி ரதங்கள் வரும். "கப்பல் அங்க தெருவுல ஓடுது மாமா. நம்ம தேர் தண்ணியில ஓடக் கூடாதா?"

இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். கதையில் மீரான் சப்பரத்தைக் கப்பல் மாதிரி அலங்கரிக்கலாம் என்று சொல்லி இரண்டு பக்கமும் வாழைத்தண்டு கட்டுகிறான். அலங்காரத்துக்குக் கட்டியது பின்னால் உயிர் காக்கிறது. நான் இட்டுக்கட்டியிருந்தால் செயற்கையாக இருந்திருக்கும்.

தார் வெட்டிய மரத்தில் ஒன்றரை அடித் துண்டு இரண்டு எடுத்து, அடிப்பலகையின் இரு பக்கமும் வாழைநாரால் கட்டினோம். கரையிலிருந்து சாய்த்துத் தள்ளினேன். ஆறு முறையில் நாலு முறை நிமிர்ந்து நின்றது. காப்பரிசித் தட்டு மட்டும் ஆறு முறையும் போய்விட்டது. அம்மாவிடம் கேட்டால் "ஆத்துக்கு யாரு தட்டுல எடுத்துட்டுப் போவா, தூக்குலதானே?" என்றார். மூடி போட்ட தூக்கில் அரைக்கிலோ அரிசியை அடைத்து அடிப்பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். கனம் கீழே போனதும் சப்பரத்துக்கு நிதானம் வந்துவிட்டது. எட்டு முறையில் ஏழு முறை நிமிர்ந்து மிதந்தது. அப்பாயியின் தூக்கே சப்பரத்தைக் கவிழாமல் காப்பாற்றுகிறது என்பதும் கதைக்கு இப்படித்தான் வந்தது.

துரத்தல் காட்சிதான் மானத்தை வாங்கியது. ஐம்பது அடி அளந்து கொட்டாங்கச்சி விட்டுப் பார்த்தோம். முப்பது விநாடி. தம்பி மகள் அதே தூரத்தைச் சும்மா நடந்தாள், பன்னிரண்டு விநாடி. இரண்டு பக்கத்துக்கு மூச்சிரைக்க ஓடும்படி எழுதியிருந்தேன், சப்பரமோ நடைக்கே ஈடுகொடுக்கவில்லை. "பெரியப்பா, நாங்க போய் உக்காந்து காத்துக்கிட்டு இருக்கலாம்" என்று சிரித்தாள். பிறகு கரையோடு மதகுவரை நடந்து பார்த்தோம். பாதி வழியில் கருவேல முள் கரையை அடைத்திருந்தது. சுற்றித் தெரு வழியே போனால் தூரம் நாலு மடங்கு. அப்படியென்றால் ஓட்டம் நியாயம்தான். முள்ளைக் கதையிலும் நட்டேன்.

கதை முடிந்ததும் படம். எல்லாம் தம்பி மகள் கறுப்புப் பேனாவில் வரைந்தது. ஆறாம் பக்கத்தில் பழக்க தோஷத்தில் நாலு சக்கரம் வரைந்துவிட்டாள், வெள்ளை மை வைத்து ஒன்றை அழித்தோம். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும்.

இனிப் புத்தக வேலை. ஏ4 தாளை மடித்தால் நாலு பக்கம், ஆறு தாளுக்கு இருபத்து நாலு பக்கம். பத்துப் பிரதிக்கு அறுபது தாள். எழுத்து 16 புள்ளி. வலப்பக்கம் நேராக நிற்கும்படி இழுத்து அடுக்கவில்லை. தமிழில் சொல் நீளம், சின்னப் பக்கத்தில் இழுத்து அடுக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது இடறும்.

பக்கம் அடுக்குவதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். நடுவில் தைக்கிற புத்தகத்தில் ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வர வேண்டும். நமக்கு 25. முதல் தாளின் வெளிமுகத்தில் 24-உம் 1-உம், உள்முகத்தில் 2-உம் 23-உம். இரண்டாம் தாளில் 22-உம் 3-உம், 4-உம் 21-உம். எதிலும் கூட்டினால் 25. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். பத்துக்கு மூன்று வாங்கியவன் சொல்கிறேன்.

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. அவர்கள் கணினியில் பழைய எழுத்துரு, என்னுடையது யூனிகோடு. வீட்டுக்கு வந்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனேன். அடுத்து இருபக்க அச்சில் தாளைத் திருப்பும் விதம். படுக்கை வாட்டில் அடுக்கிய தாளைக் குறுகிய விளிம்பில் திருப்ப வேண்டும். நீள விளிம்பில் திருப்பியதில் பின்பக்கம் முழுக்கத் தலைகீழ். ஒரு தாளை அடித்து மடித்துப் பார்த்திருக்கலாம். அறுபதையும் அடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். தப்பு என்னுடையது, பணமும் என்னுடையது. அந்தத் தாள்களின் ஓரத்தில் இப்போது பால் கணக்கு ஓடுகிறது.

மேலட்டை 250 ஜிஎஸ்எம் கனம். மடித்த இடத்தில் வெடித்தது. தாளுக்கும் மரம் போல நார் ஓட்டம் உண்டு. இரண்டு வாட்டத்திலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு வாட்டத்தில் இளகிக் கொடுக்கும், முதுகு அந்த வாட்டத்தில்தான் வர வேண்டும். அட்டையைத் திருப்பி வெட்டி, தீர்ந்துபோன பேனாமுனையால் கோடு கீறி மடித்தேன். வெடிக்கவில்லை.

தையலுக்கு மடிப்பில் ஐந்து துளை. பழைய மாத நாட்காட்டி அட்டையில் அளவு குறித்து, குத்தூசியால் உள்ளிருந்து வெளியே குத்தினேன். பருத்தி நூலை மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்தால் முறுக்கு அவிழாது. நடுத்துளையில் தொடங்கி, ஒரு பக்கம் கடைசிவரை போய்த் திரும்பி, மறுபக்கம் போய்த் திரும்பி, நடுவிலேயே முடிச்சு. நூலை எப்போதும் முதுகின் வாட்டத்தில் இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும், முதல் பிரதி அப்படித்தான் போனது. மிச்சத் தாளில் ஒரு பிரதி மறுபடி அடித்துப் பத்தாக்கினேன். ஆறு தாளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகுவதால் உள்தாள் வெளியே துருத்தும், தைத்த பிறகு இரும்பு ஸ்கேல் வைத்துச் சீவிவிட்டேன்.

முதுகுக்குத் துணி ஒட்ட ஆசை. அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து அரக்குக் கரையை அம்மாவே கத்தரித்துக் கொடுத்தார். பசை மைதாவில் காய்ச்சினேன். பூச்சி வராமலிருக்கப் பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள், போடவில்லை. பூச்சி வந்தால் வரட்டும்.

ஆடி 17 இரவு பத்தாவது பிரதி முடிந்தது. மறுநாள் காலையில் சப்பரம் கிளம்புவதற்கு முன் தம்பி மகளும் எதிர் வீட்டுப் பையனும் ஆளுக்கு ஒரு பக்கமாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்கள். துரத்தல், முள், மதகு, தொரட்டி என்று எல்லாம் நன்றாகப் போனது. 21-ஆம் பக்கத்தில் மீரான் தூக்கைத் திறந்து பார்த்து, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதே என்று அழப்போகிறான். நான் நெகிழ்ச்சியாக எழுதியிருந்த இடம். அம்மா நிமிர்ந்து, "எதுக்குடா அழுவுறான்? காப்பரிசியே ஊற வெச்ச அரிசிதானே" என்றார்.

அந்த வரியைக் கதையில் வரும் அப்பாயி வாயில் போட்டாக வேண்டும். 21-ஐத் தொட்டால் 4-உம் கூட வரும், பின்முகத்தில் 3-உம் 22-உம். பத்துத் தாள். இந்தத் தடவை ஒன்றை மட்டும் அடித்து மடித்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கலாம் என்றிருக்கிறேன்.